மண்டி தெளியும் வரை

மோன்குரே என்று ஒரு ஊர். பிரான்ஸில், ஷாம்பெய்ன் சீமையில், மார்ன் ஆற்றுக்கு மேலே, திராட்சைச் சரிவுகளுக்கு நடுவே ஒரு மாதா கோயிலும் ஒரு ரொட்டிக் கடையும் நூற்றுப் பதினேழு வீடுமாக உட்கார்ந்திருக்கிற ஊர். மேலே பார்த்தால் அவ்வளவுதான். கீழேயோ, சாக்பீஸ் மாதிரி வெளுத்த பாறையைத் தலைமுறை தலைமுறையாகக் குடைந்து, மேலே இருப்பதைவிட மூன்று மடங்கு பெரிய ஊரைப் பாட்டில்களுக்காகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த நிலவறை ஒன்றில் காரைக்கால்காரர் தேவசகாயம், ஒரு ஏப்ரல் மாத வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, அடுக்கிக்கொண்டிருந்த பாட்டில்களுக்குப் பக்கத்தில் தானும் ஒருக்களித்துப் படுத்தார். படுத்தவர் மூன்று வருஷமும் ஏழு மாசமும் எழுந்திருக்கவில்லை.

அவர் மனைவி அமலி மேல்மாடியில் லேபிள் ஒட்டுகிற வேலையில் இருந்தாள். ஆள் வந்து சொன்னதும் கை முழுக்கப் பசையோடு அறுபத்திரண்டு படி இறங்கி ஓடினாள். கீழே வீட்டுக்காரி ஒதீல் நின்றுகொண்டிருந்தாள். அந்த ஊரில் ஒயின் செய்கிற கம்பெனிக்கு வீடு என்றுதான் பெயர். அந்த வீட்டை ஒதீல் தன் நாற்பத்தாறாவது வயதில் ஒற்றை ஆளாக நடத்தி வந்தாள், பாட்டில் வெடித்துக் கிழித்த தழும்பு அவள் முகவாயில் இருந்தது, அதிகம் பேசமாட்டாள், பேசினால் சட்டி உடைந்த மாதிரி பேசுவாள். அமலி புருஷனின் தோளைத் தொடப் போனபோது ஒதீல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடாத அமலி. மூச்சு இருக்கு, பாத்துட்டேன். ஆள் மண்டி மேல படுத்திருக்கார்."

"என்ன மதாம் சொல்றீங்க? காலைல காப்பி குடிச்சிட்டு நல்லாத்தானே வந்தாரு?"

"இந்தப் பாட்டில் எல்லாமும் காலைல நல்லாத்தான் இருந்துச்சு. இனிமே இதெல்லாம் மூணு வருஷம் அசையாது. அவரும் அப்படித்தான்."

இந்த ஊர் ஒயினைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லாமல் கதை நகராது, பொறுத்துக்கொள்ள வேண்டும். குளிர்ச் சீமை அது. திராட்சை முழுசாகப் பழுக்கும் முன்னே வெயில் விடைபெற்றுக்கொண்டு போய்விடும். அந்தப் பழத்தைப் பிழிந்து புளிக்க வைத்தால் வருகிற ஒயின், புளியங்காயைக் கடித்த மாதிரி பல்லைக் கூசவைக்கும். அதனால் இந்த ஊர்ச் சரிவையும் அந்த ஊர்ச் சரிவையும், கறுப்புத் திராட்சையையும் வெள்ளைத் திராட்சையையும், போன வருஷத்தையும் அதற்கு முந்தின வருஷத்தையும் கலந்து, பாட்டிலில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டு, இறுக்கி மூடி, இருட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். உள்ளே மறுபடி ஒரு தடவை புளிக்கும். நம் வீட்டு தோசை மாவு மாதிரிதான், ஆனால் மாவுக்குப் பொங்கி வழிய இடம் உண்டு, இதற்கு இல்லை. எழும்புகிற காற்று போக வழியில்லாமல் ஒயினுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். தின்ன வேண்டியதைத் தின்று முடித்த ஈஸ்ட் செத்து அடியில் மண்டியாகப் படியும். வேறு ஊராக இருந்தால் வடிகட்டி எறிந்துவிடுவார்கள். இவர்கள் எறியமாட்டார்கள். பதினைந்து மாசம், மூன்று வருஷம், பத்து வருஷம், அந்தச் செத்ததன் மேலேயே ஒயினைப் படுக்க வைப்பார்கள், ருசி அதிலிருந்துதான் ஏறும் என்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் படுத்துத் தூங்கிவிட்டான் என்றால் யார் அதிசயப்படப் போகிறார்கள்? எதன் மேல் படுத்திருக்கிறான் என்று மட்டும்தான் கேட்டார்கள்.

அதுவும் ஊருக்குத் தெரியும். ஜனவரி மாசம், எட்டாம் மாசத்திலேயே வலி கண்டு, நகரத்து ஆஸ்பத்திரியில் அமலிக்கு ஒரு பெண் குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. நர்ஸ் அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, ரெண்டு பேரும் பார்க்கிறீர்களா என்று கேட்டாள். அமலி பார்த்தாள், ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். தேவசகாயம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தார், மறுநாள் வேலைக்குப் போனார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அமலி எப்போது அதைப் பற்றிப் பேச வாயெடுத்தாலும், "குழாய் சொட்டுது, இரு" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். மூன்று மாசத்தில் அவர்கள் வீட்டில் சொட்டாத குழாயைக்கூட ரிப்பேர் பார்த்து முடித்திருந்தார். அமலிக்கு அவர் அழ வேண்டும் என்றுகூட இல்லை. அந்த முகம் எப்படி இருந்தது என்று, அதைக் கேட்க உரிமை உள்ள இன்னொரு ஆளிடம் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த இன்னொரு ஆளோ இப்போது பாட்டிலோடு பாட்டிலாகப் படுத்துவிட்டார்.

டாக்டர் பெர்த்ராம் வந்தார். நாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, நிமிஷத்துக்கு ஒன்று என்றார். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கையில் கட்டினார், அதன் முள் ஒரு சுற்றுச் சுற்றிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது. ஷாம்பெய்ன் பாட்டிலுக்குள் லாரி டயரைப் போல அழுத்தம் இருக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஊர் என்பதால், டாக்டர் கருவி போனதற்கு மட்டும் வருத்தப்பட்டார். சர்டிபிகேட்டில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். நோய் என்று எழுத முடியாது, சாவு இல்லவே இல்லை. கடைசியில் "முதிர்ந்துகொண்டிருக்கிறார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று முதல் தேவசகாயத்தின் பக்கத்தில் போகிறவர்கள், வெடித்தாலும் வெடிக்கும் என்று, முகத்துக்குக் கம்பி வலை மாட்டிக்கொண்டு போனார்கள். அமலி மட்டும் மாட்டவில்லை.

சிக்கல் மேயர் கஸ்தோன் ரூபத்தில் வந்தது. நல்ல மனுஷர்தான், தானும் ஒயின் செய்கிறவர்தான், ஆனால் சட்டத்தை நெஞ்சோடு சேர்த்துத் தைத்துக்கொண்டவர். அந்தச் சீமையில் எல்லைக்கோடு என்று ஒன்று உண்டு. கோட்டுக்கு உள்ளே விளைந்த பழத்தின் ஒயினுக்குத்தான் ஷாம்பெய்ன் என்று பெயர். கோட்டுக்கு ஒரு முழம் வெளியே அதே செடி, அதே மண், அதே கை செய்தாலும் பெயர் கிடையாது. பள்ளிக்கூடத்து ஹாலில் ஊர்க்கூட்டம் போட்டார்.

"எனக்கு தேவா மேல ஒரு குறையும் இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா அவர் பிறந்தது காரைக்கால்ல. வெளியில விளைஞ்சத நம்ம நிலவறையில முதிர வைக்க விதி இருக்கா, சொல்லுங்க."

அப்படி ஒரு விதி இல்லை என்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும். ஒதீல் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினாள்.

"கஸ்தோன், உங்க ஒயின்ல எத்தன ஊர்ப் பழம் இருக்கு?"

"பதினொண்ணு."

"எத்தன வருஷத்து ஒயின்?"

"அஞ்சு."

"பதினொரு ஊரு, அஞ்சு வருஷம், மூணு ஜாதித் திராட்சை கலந்தாத்தான் உங்களுக்கு ஒரு பாட்டில் ஒழுங்கா வருது. ஒத்த ஊருல தன்னந்தனியா நல்லா வந்த ஒயினக் காட்டுங்க, அப்புறம் அந்த மனுஷன வெளிய தூக்கிப் போடலாம்."

மேயர் ஒரு காகிதத்தை எடுத்தார். பிறகு, பதினேழு வருஷம் இந்த ஊர்க் காற்றைச் சுவாசித்த ஆளை உள்ளூர் விளைச்சலாகக் கொள்ளலாம் என்று ஒரு தீர்மானம் எழுதி, தன் பேனாவாலேயே முத்திரையும் வரைந்து முடித்தார்.

அப்புறம் ஊர் தேவசகாயத்தை வழக்கமாக்கிக்கொண்டது. ஜனவரியில் திராட்சைக்காரர்களின் பாதுகாவலர் புனித வின்சென்ட் திருநாளுக்குச் சுரூபத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வரும் ஊர்வலம், இப்போது அறுபத்திரண்டு படி இறங்கி அவரைச் சுற்றி ஒரு சுற்று வந்து மேலேறியது. மார்ச்சில் கிளை வெட்டுகிறவர்கள் கத்தரியைச் சாணை பிடிக்க வருகிற சாக்கில் எட்டிப் பார்த்தார்கள். செப்டம்பரில் அறுவடை; அந்தச் சீமையில் யந்திரம் கூடாது, ஒவ்வொரு குலையையும் கையால்தான் கொய்ய வேண்டும்; எங்கெங்கிருந்தோ வந்து குவிந்த கூலியாட்கள் மதியச் சாப்பாட்டுக்கு நிலவறையின் குளுமையைத் தேடி இறங்கி, தூங்குகிற மனுஷனைக் கண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு, போகும்போது காலடியில் ஒரு திராட்சைக் குலை வைத்துவிட்டுப் போனார்கள். முதல் சில மாசம் அவர் உடம்பிலிருந்து புளித்த மாவு வாசனை வந்தது. வருஷம் திரும்பும்போது அது சுட்ட ரொட்டி வாசனையாக மாறி, படியேறித் தெருவுக்கு வந்துவிட்டது. ஜனங்கள் காலையில் ரொட்டிக் கடையை விட்டுவிட்டு ஒதீல் வீட்டு வாசலில் பையோடு வரிசையில் நின்றார்கள். ரொட்டிக்காரம்மா மூன்று நாள் சண்டைக்கு நின்றாள், நாலாம் நாள் தானும் வரிசையில் நின்றாள், அதற்குப் பிறகு அவள் சுட்ட ரொட்டி முன்னைவிட நன்றாக வந்ததாகச் சொல்கிறார்கள்.

அமலி தினமும் மதியம் டிபன் பாக்ஸோடு கீழே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசம் கொஞ்சம் காரமாகிவிட்டது என்பாள், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கிறது என்பாள். குழந்தையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள். தூங்குகிறவனிடம் சொல்வது சுவரிடம் சொல்வதற்குச் சமம், சுவரிடம் அவள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருந்தாள்.

ரெண்டாம் வருஷம் நவம்பரில் காரைக்காலிலிருந்து நாத்தனார் ஜெயசீலி போன் செய்தாள். தேவசகாயத்துக்கு மூத்தவள், தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அந்த உரிமை அவள் குரலில் எப்போதும் கொஞ்சம் மிளகாய்த்தூளாகக் கலந்திருக்கும்.

"ஏன் அமலி, ஊர் உலகத்துல தூங்குன புருசன எழுப்பத் தெரியாத பொண்டாட்டிய நான் இப்பத்தான் பாக்குறேன். மூஞ்சில ஒரு சொம்புத் தண்ணிய ஊத்த உனக்குக் கை வரலியா?"

"அண்ணி, இங்க எல்லாரும் பொறுக்கச் சொல்றாங்க அண்ணி."

"பொறுக்கறவங்களுக்கு என்ன, அவங்க தம்பியா படுத்துக் கெடக்கான்? நீ பாட்டுக்கு மாவு பொங்குறதப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இரு, ஒரு நாள் மூச்சு நின்னுபோகப் போவுது."

அந்த வார்த்தை தைத்துவிட்டது. மூச்சு நின்று போவது என்றால் என்ன என்று அமலிக்குத் தெரியும். போனை வைத்துவிட்டுப் படியிறங்கினாள், சுற்றிலும் யாரும் இல்லை, புருஷனின் ரெண்டு தோளையும் பிடித்து, "எந்திரிங்க, போதும், எந்திரிங்க" என்று உலுக்கினாள். அந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குச் சொல்லித்தருகிற முதல் விஷயமே படுத்திருக்கிற பாட்டிலை ஆட்டக்கூடாது என்பதுதான். அவளோ பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினாள், அவர் தலை கல்தரையில் மோதுகிறவரை ஆட்டினாள்.

அவர் எழவில்லை. ஆனால் கலங்கிவிட்டார். தெளிந்து கிடந்த முகம் அரிசி களைந்த தண்ணீராக மாறியது, தோலுக்கு அடியில் சாம்பல் நிறமாக ஏதோ ஒன்று காலிலிருந்து தலைவரை சுழன்று சுழன்று ஓடியது, இத்தனை நாள் திறக்காத வாய் திறந்து, "குழாய் சொட்டுது, குழாய் சொட்டுது" என்று முனக ஆரம்பித்தது. ஒன்பது நாள் ஓயாமல் முனகியது. அமலி காதைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தன் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பு அவளை அறுத்தது. பெற்றதும் நிலைக்கவில்லை, கட்டியதையும் உடைத்துவிட்டேன் என்று தன்னைத் தானே வைதுகொண்டாள்.

ஒதீல் திட்டவில்லை. தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிகரெட்டை எடுத்து, நிலவறையில் பற்ற வைக்கக்கூடாது என்பதால் விரலிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் கெட்டுப்போச்சா மதாம்?"

"கெடல. கலங்கியிருக்கு. கலங்குனது தெளியும். ஆனா நாள் புடிக்கும்."

"எவ்ளோ நாள்?"

"அது அதோட இஷ்டம். நீ செய்யறதுக்கு ஒண்ணுமில்ல, அமலி. கஷ்டமே அதுதான்."

அதற்குள் விஷயம் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் காலையில் அமலி கதவைத் திறந்தபோது வாசற்படியில் பதினெட்டு ஜாடி ப்ளம் ஜாம் வரிசையாக இருந்தது, யார் வைத்தது என்று சீட்டுக்கூட இல்லை.

தெளிய இன்னும் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆயிற்று. முனகல் நின்றது, முகம் மெல்ல மெல்ல வெளுத்து ஜன்னல் கண்ணாடியாகத் தெளிந்தது. சாம்பல் நிறம் எல்லாம் முதுகுப் பக்கம் ஒரு நிழலாகப் படிந்தது. நாலாம் வருஷம் செப்டம்பரில் ஒதீல் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி திருப்பலாம் என்றாள்.

திருப்புவது என்பது அந்த ஊர் வேலை. துளை போட்ட பலகையில் பாட்டிலைச் செருகி, தினம் அரைக்கால் திருப்பு, ஒரு விரல்கடை தலையைத் தாழ்த்து. அப்படி ரெண்டு மாசம் செய்தால், பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் மண்டி மெதுவாகச் சறுக்கிக்கொண்டே வந்து கழுத்தில் சேரும். எதுவரை திருப்பினோம் என்பதற்கு அடியில் சுண்ணாம்புக் கோடு ஒன்று. இப்போதெல்லாம் அதற்கு யந்திரக் கூண்டு வந்துவிட்டது, எட்டே நாளில் முடித்துவிடும். மேயர் அதைச் சொல்லிப் பார்த்தார். அமலி அவரை ஒரு பார்வை பார்த்தாள், அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் தலையைத் தாழ்த்துவது என்றபோது அவளுக்கே பொறுக்கவில்லை.

"மனுஷன தலைகீழாத் தொங்கவிட அவரென்ன வௌவாலா மதாம்?"

"தலைக்கு ரத்தம் ஏறிடும்" என்று டாக்டரும் சேர்ந்துகொண்டார்.

"நிமிஷத்துக்கு ஒரு தடவ அடிக்கிற நெஞ்சு, அதுல எத்தன சொட்டு ஏறப்போகுது?" என்றாள் ஒதீல்.

அகலமான ஓக் பலகை ஒன்றில் அவரைக் கட்டினார்கள். முறை போட்டு வீட்டுக்கு ஒரு நாள் என்று ஊரே வந்தது. மேயர் அவசர அவசரமாகத் திருப்பிவிட்டு மறந்துபோய் இன்னொரு தடவை திருப்பப் போவார், உள்ளங்காலில் இருக்கும் சுண்ணாம்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ரொட்டிக்காரம்மா மாவுக் கையோடு வந்து, திருப்பி முடித்து, போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவாள். பேச்சு விட்டுப்போன ரெண்டு பங்காளிகள் ஒரே நாளில் முறை விழுந்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் திருப்பினார்கள், அதற்கு அப்புறமும் பேசவில்லை, ஆனால் படி ஏறும்போது ஒருவர் மற்றவருக்கு வழிவிட்டார். முதுகில் இருந்த நிழல் விலாவுக்கு வந்தது, விலாவிலிருந்து நெஞ்சுக்கு வந்தது, நவம்பர் பிறந்தபோது ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குத் தொண்டைக் குழியில் வந்து நின்றது.

இனி அதை வெளியேற்ற வேண்டும். கழுத்தை உறைய வைத்து மண்டியை ஐஸ் கட்டியாக எடுப்பது புது முறை, அதற்கு அமலி சம்மதிக்கவில்லை. பழைய முறை கையால் செய்வது: தலைகீழாக இருப்பதைச் சட்டென்று நிமிர்த்தி, அந்த வேகத்திலேயே திறந்து, மண்டி பீறிட்டு வெளியே பாய்ந்த கணத்தில் கட்டைவிரலால் அடைக்க வேண்டும். விரல் முந்தினால் மண்டி உள்ளே தங்கிவிடும். பிந்தினால் ஒயினும் கூடவே போய்விடும்.

"விரல் உன்னோடதா இருக்கட்டும்" என்றாள் ஒதீல். "பாட்டில்னா நான் வைப்பேன். இது வாய்."

அமலி ரெண்டு வாரம் பாட்டில்களில் பழகினாள். முதல் வாரம் தலை முதல் கால் வரை ஒயினில் நனைந்து வீட்டுக்குப் போனாள், வாசனை போகாமல் நகரத்து பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மரியாதையாக எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்கள். போகப் போகக் கை படிந்தது. ஆனால் எவ்வளவு கை படிந்தாலும் ஒரு விரல்கடை ஒயின் மண்டியோடு போகத்தான் போகும், அது அந்த வேலையின் விதி. அந்தக் குறையை வீட்டிலேயே சேர்த்து வைத்திருக்கும் பழைய ஒயினும் சர்க்கரையும் கலந்து நிரப்பி, பிறகுதான் தக்கை அடைப்பார்கள். எவ்வளவு சர்க்கரை என்பது அந்தந்த வீட்டு ரகசியம். சிலர் தித்திக்கத் தித்திக்கப் போடுவார்கள், சிலர் ஒரு சிட்டிகைகூடப் போடமாட்டார்கள்.

"அந்த ஒரு விரல்கடைல அவருகிட்டேர்ந்து என்ன போவும் மதாம்? என்னையே மறந்துட்டா?"

"தெரியாது. பாட்டில் எனக்கு இதுவரைக்கும் பதில் சொன்னதில்ல."

மேயர் தனியாக அவளைக் கூப்பிட்டுச் சொன்னார், அவர் கண்ணில் நிஜமான பரிவு இருந்தது. "எது குறைஞ்சாலும் இனிப்பா நிரப்பிடும்மா. பட்டது போதும் அந்த மனுஷன். மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்." ரொட்டிக்காரம்மாவும் அதையே சொன்னாள். அமலி ஒதீலைப் பார்த்தாள். "எங்க வீட்டு அளவ நான் யாருக்கும் சொல்றதில்ல. உங்க வீட்டு அளவ நான் கேக்கவும் மாட்டேன்" என்று ஒதீல் நகர்ந்துவிட்டாள்.

நவம்பர் இருபதாம் தேதி, சனிக்கிழமை, காலை பதினோரு மணி. ஊர் மொத்தமும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடும் கையில் காலிக் கிளாஸோடும் நிலவறைச் சுவரோரம் நின்றது. நாலு ஆண்கள் பலகையின் நாலு மூலையைப் பிடித்தார்கள். அமலி அவர் உதட்டின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். ஒதீல் தலையசைத்தாள்.

பலகை ஒரே வீச்சில் நிமிர்ந்தது. அமலி விரலை எடுத்தாள். அவர் தொண்டையிலிருந்து அந்த எலுமிச்சம்பழம் ஒரு கத்தலாக வெளியே வந்தது. நாலு வருஷத்துக் கத்தல், ஆஸ்பத்திரி ஜன்னல் அருகே வந்திருக்க வேண்டிய கத்தல். கேட்டவர்கள் கையில் பதினாறு கிளாஸ் விரிசல் விட்டது, எதிர்ச் சுவரில் சாம்பல் நிறமாக ஒரு திட்டு அறைந்து ஒட்டியது. அமலி அடைத்தாள். ஒரு இமைப்பொழுது பிந்திவிட்டதோ, இல்லையோ, அது அவளுக்கு என்றைக்குமே தெரியாது. அந்தக் கத்தலைக் கேட்டதும் அவள் கை ஒரு கணம் நின்றுவிட்டது என்னவோ உண்மை.

அமலி விரலை எடுத்ததும் அவர் கண்ணைத் திறந்தார்.

"அமலி" என்றார். "ஏன் இப்படி எளைச்சுட்ட?"

அவளுக்கு அது போதும். தன்னை மறக்கவில்லை. அவர் கை தட்டுத்தடுமாறி அவள் வயிற்றுக்கு வந்தது, அங்கே தேடியது, தேடிக் காணாமல் அவள் முகத்தைப் பார்த்தது.

"பொறந்துடுச்சா? பாப்பா எங்க?"

போனது அதுதான். அந்த நாள் முழுசாகப் போயிருந்தது. ஆஸ்பத்திரி, ஜன்னல், பெட்டி, மண், எல்லாம் சுவரில் சாம்பலாக வழிந்துகொண்டிருந்தது. அமலி திரும்பிப் பார்த்தாள். மேயர் அவளைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் மெல்லத் தலையாட்டினார். வாயில் இனிப்பெல்லாம் தயாராக வந்து நின்றது. பிறக்கவேயில்லைங்க, கனவு கண்டீங்க என்று சொல்லலாம். எல்லோரும் கிளாஸைத் தூக்குவார்கள், தக்கை வெடிக்கும், வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கலாம். ஆனால் அப்படி ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டால், அந்த முகத்தோடு தான் ஒருத்தி மட்டும் கடைசிவரை தனியாக இருக்க வேண்டும் என்று அவளுக்குப் புரிந்தது. அந்தத் தனிமையை இன்னொரு நாள்கூடத் தாங்க அவளிடம் திராணி இல்லை. அதோடு, அவர் மகள் அவருக்கும்தானே.

"பொறந்துச்சுங்க" என்றாள். "பொண்ணு. மூச்சு இல்லாம பொறந்தா. நீங்கதான் பெட்டியத் தூக்கிட்டுப் போய்ப் புதைச்சீங்க. நாலு வருஷம் ஆவப்போவுது."

வழக்கம்போல எழுந்து எங்கேயாவது போய்விடுவார் என்று அவள் பயந்தாள். அவர் எழவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக இறங்கியது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நான் பாத்தனா அவள?"

"இல்லீங்க. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க."

"நீ?"

"பாத்தேன். ஒரு மணி நேரம் மடில வச்சிருந்தேன்."

"சொல்லு" என்றார்.

ஒதீல் கையைக் காட்டினாள், நாலு பேரும் பலகையைத் தரையில் சாய்த்துக் கட்டை அவிழ்த்தார்கள். ஊர் காலிக் கிளாஸ்களோடு சத்தமில்லாமல் ஒவ்வொருவராகப் படியேறத் தொடங்கியது, அன்றைக்கு அந்த நிலவறையில் ஒரு பாட்டிலும் திறக்கவில்லை. அமலி பலகையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாலு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததை அவள் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடப் போடாமல் எடுத்துக் கொடுத்தாள்.

"நெத்தி உங்களது. அகலமா, அப்படியே. தல நெறைய முடி, ஈரமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. இடது காது மட்டும் நுனில கொஞ்சம் மடிஞ்சு இருந்துச்சு. புருவத்துக்கு நடுவுல ஒரு கோடு, யார் மேலயோ கோவமா இருக்குற மாதிரி. வெரல் நீளம். நகம் வளந்து போயிருந்துச்சுங்க. மூஞ்சியக் கீறிக்கப் போறாளேன்னு நர்ஸ்கிட்ட சின்னக் கத்தரி கேட்டு வாங்கி, பத்து வெரலுக்கும் வெட்டிவிட்டேன்."

தேவசகாயம் அவள் கையைப் பிடித்துத் தன் முகத்தின் மேல் வைத்துக்கொண்டு அழுதார். அமலியும் அழுதாள், அவரோடு சேர்ந்து அழுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. வெகு நேரம் கழித்து அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

அமலி நெற்றியிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.